சுமையும் சிறகும்

நுழையும்முன்

பறவையைப் பார்த்துப் பறக்க விரும்பினான் மனிதன். பறந்து காட்டிய பின்னர், சுமந்துகொண்டு பறப்பது எப்படி என்னும் கேள்வி எழுந்தது. முதல் கேள்வியின் வரலாற்றைப் பலரும் அறிவர். இரண்டாம் கேள்வியின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் பட்டறைகளிலும் மரவள்ளி வயல்களிலும் நின்று அந்த இரண்டாம் கேள்வியை ஆராய்கிறது இப்பாடம்.

சாலையில் ஒரு பாடம்

நாமக்கல் பகுதி லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமுமாக வந்து சேரும் வண்டி, பட்டறையைவிட்டு வெளியேறும்போது முழுமையான சரக்கு லாரியாக மாறியிருக்கும். அருகிலுள்ள திருச்செங்கோட்டின் அடையாளம் ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறியை லாரியின் முதுகில் ஏற்றிப் பொருத்தி, அதனை நாட்டின் பல மாநிலங்களுக்கும் அனுப்பிவைக்கும் ஊர் அது.

இவ்வண்டிகளை உற்றுநோக்கினால் மூன்று உண்மைகள் புலப்படும். ரிக் வண்டியின் துளையிடும் கோபுரம் சாலையில் செல்லும்போது மடங்கிப் படுத்திருக்கும். வேலை தொடங்குமுன் வண்டியின் கால்கள் மண்ணில் ஊன்றப்பட்ட பின்னரே அது நிமிரும். சுமை எங்கு நிற்கிறதோ அதற்கேற்ப வண்டியின் நிலைப்பு மாறும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் உண்மை. நாமக்கல்லிலிருந்து இயங்கும் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளைப் போன்ற நீர்மச் சுமை வண்டிகளின் கலத்தினுள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் அமைந்திருக்கும். வண்டி திடீரென நின்றாலும் உள்ளிருக்கும் நீர்மம் ஒரே அலையாகத் திரண்டு முன்னோக்கி மோதாதவாறு அவை காக்கும். நீர்மம் தானே நகரும் சுமை என்பது இரண்டாம் உண்மை. இதே ஊரின் முட்டைகள் குழிகளையுடைய காகித அட்டைத் தட்டுகளில் அடுக்கப்பட்டுத் தொலைதூரம் பயணம் செய்கின்றன. சாலையின் அதிர்வைத் தட்டு வாங்கிக்கொள்கிறது; முட்டை உடையாமல் ஊர் சேருகிறது. அதிர்வைச் சுமைக்குச் செல்லவிடாமல் இடையிலேயே தடுக்க வேண்டும் என்பது மூன்றாம் உண்மை.

ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியில் ஒரு கருவியைப் பொருத்த முனையும் பொறியாளர் எதிர்கொள்வனவும் இம்மூன்றுமே. வேறுபாடு ஒன்றுதான். சாலையில் தவறு நேர்ந்தால் வண்டியைத் தாங்கிக்கொள்ள மண் இருக்கிறது. வானில் அத்தகைய பிடிமானம் இல்லை.

புறாவின் மார்பில் ஒளிப்படக் கருவி

பறப்பதன் மீது கருவியைப் பொருத்தும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று, விமானம் பரவலாவதற்கு முன்பே ஒரு பறவையைக் கொண்டு நிகழ்ந்தது. ஜெர்மனியின் க்ரோன்பெர்க் நகர மருந்தாளுநர் யூலியஸ் நொய்ப்ரோன்னர், அவசர மருந்துகளைச் சிறு பொட்டலங்களாகப் புறாக்களின் வழியே பெற்றுவந்தார். ஒரு புறா சுமக்கக்கூடிய எடை ஏறத்தாழ 75 கிராம் என்பதை அவர் தம் பட்டறிவால் அறிந்திருந்தார். அந்த எல்லைக்குள் அடங்கும் சிறிய ஒளிப்படக் கருவியை அமைத்து, தோல்வாரும் அலுமினியத் தகடும் கொண்ட கவசத்தால் புறாவின் மார்பில் அதனைப் பொருத்தினார். குறித்த நேரத்தில் தானே படம் எடுக்கும் அமைப்பும் அதில் இருந்தது. 1907-ஆம் ஆண்டு அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, இது இயலாதது என்று முதலில் மறுக்கப்பட்டது. புறா எடுத்த படங்களையே சான்றாக அளித்த பின்னர், 1908 டிசம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. சுமப்பவரின் வலிமையை முதலில் அளந்து, அதற்கேற்பச் சுமையை வடிவமைத்ததே அவரது வெற்றியின் அடிப்படை.

வேளாண்மைக்காக விமானத்தில் கருவி பொருத்தும் வரலாறு 1921 ஆகஸ்டு 3-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தொடங்கியது. கட்டல்பா என்னும் மரங்களின் இலைகளைப் புழுக்கள் தின்று அழித்துவந்தன. எதியென் டோர்மோய் என்னும் பொறியாளர் மருந்துத்தூள் நிரப்பும் பெட்டி ஒன்றை வடிவமைத்து விமானத்தின் பக்கவாட்டில் பொருத்தினார். ஜான் மெக்ரெடி விமானத்தைச் செலுத்த, பின்னிருக்கையில் அமர்ந்த டோர்மோய் கைப்பிடியைச் சுழற்றித் தூளைத் தூவினார். போருக்குப் பயன்பட்ட வகையைச் சேர்ந்த விமானம், ஒரு பெட்டியைச் சேர்த்ததால் வேளாண் கருவியாயிற்று.

விமானி இல்லாமலே அப்பணியைச் செய்யும் காலம் 1987-இல் ஜப்பானில் பிறந்தது. நெல்வயல்களில் மருந்து தெளிப்பதற்காக யமஹா நிறுவனம் உருவாக்கிய ஆர்-50 என்னும் ஆளில்லா ஹெலிகாப்டர் 20 கிலோ சுமையைத் தாங்கியது. உழவர்கள் முதுமையடைந்து, இளையோர் நகரங்களுக்குச் சென்ற நாட்டில் அக்கருவி வயலுக்கு உதவியாக வந்தது.

எடை என்னும் முதல் கேள்வி

நான்கு அல்லது ஆறு விசிறிகளால் எழும் வானூர்தி, காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதன் வாயிலாகவே தன்னை மேலே நிறுத்திக்கொள்கிறது. எடை கூடும் அளவைவிட விரைவாக இதற்கான ஆற்றல் தேவை கூடுகிறது. விசிறிகள் மாறாதிருக்க எடை மட்டும் இருமடங்கானால், ஓரிடத்தில் மிதந்து நிற்கத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 2.8 மடங்காகும். மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். பெரிய மின்கலத்தைப் பொருத்தினால் அதன் எடையே புதிய சுமையாகும்.

ஆகவே, சுமையைப் பொருத்தும் தாங்கியும் கொக்கியும் திருகும்கூடக் கணக்கில் வந்துவிடுகின்றன. எஃகுக்கு மாற்றாகக் கார்பன் இழையும் அலுமினியக் கலவையும் இங்குப் பயன்படுவது இதனால்தான். ஒரு தாங்கியில் குறைக்கும் 100 கிராம், மருந்தாகவோ பறக்கும் நேரமாகவோ திரும்பக் கிடைக்கும்.

தெரியுமா?

இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021, ஆளில்லா வானூர்திகளை அவற்றின் மொத்த எடையைக் கொண்டு ஐந்தாக வகைப்படுத்துகின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேற்பட்டது பெரியது. இங்கு மொத்த எடை என்பது சுமையையும் சேர்த்தே கணக்கிடப்படும்.

நடுவும் நிலையும்

பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளும்போது அப்புள்ளி ஈர்ப்பு மையம் எனப்படும். வானூர்தியின் ஈர்ப்பு மையம் விசிறிகளின் நடுவே அமைதல் வேண்டும். சுமை ஒரு பக்கம் விலகினால் அப்பக்கத்து மின்மோட்டார்கள் இடைவிடாது கூடுதலாக உழைக்கும், அவை சூடேறும். திடீரெனக் காற்று வீசினால், எதிர்த்து நிற்பதற்கு வேண்டிய கூடுதல் வலிமை அவற்றிடம் இராது. காவடி தூக்குபவர் இருபுறமும் எடையை ஒப்பவைத்த பின்னரே தோளில் ஏற்றுவது போன்றது இது.

மருந்து தெளிக்கும் வானூர்தியில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. புறப்படும்போது 10 லிட்டர் கலவை, அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடை, கலத்தில் இருக்கும். சில நிமிடங்களில் அது வெறுமையாகிவிடும். பறக்கும்போதே எடை மாறிக்கொண்டிருக்கும் ஊர்தி இது. கலத்தை வானூர்தியின் முன்புறமோ பின்புறமோ வைத்தால், மருந்து குறையக் குறைய ஈர்ப்பு மையமும் நகர்ந்துகொண்டேயிருக்கும். எனவே கலம் ஊர்தியின் நடுப்பகுதியில், விசிறிகளின் மையக்கோட்டிலேயே பொருத்தப்படுகிறது. மருந்து குறைந்தாலும் மையம் மேலும் கீழுமாக மாறுமேயன்றி, பக்கவாட்டில் விலகாது.

அரைக்கலம் நிறைந்த நிலையே மிகுந்த கவனத்திற்குரியது. முழுதும் நிறைந்த கலத்தில் நீர்மம் அசைய இடமில்லை; வெறுங்கலத்தில் அசைவதற்கு நீர்மமே இல்லை. இடைப்பட்ட நிலையில், வரப்பின் ஓரத்தில் ஊர்தி திரும்பும்போது நீர்மம் ஒரு பக்கமாகச் சாயும். ஊர்தியின் கணினி அதனைத் திருத்த முயலும். அதற்குள் நீர்மம் மறுபக்கம் பாயும். டேங்கர் லாரியில் கண்ட அதே தடுப்புத் தகடுகள் இங்கும் துணைசெய்கின்றன. கலத்தை ஒடுக்கமாகவும் பள்ளமாகவும் வடிவமைப்பது மற்றொரு தீர்வு. சாலையில் நூறாயிரம் கல் தொலைவு ஓடிப் பெற்ற அறிவு, வேறு அளவில் வானில் பயன்படுகிறது.

தெளிப்பு முனைகளைப் பொருத்தும் இடமும் ஆராய்ந்தே முடிவுசெய்யப்படுகிறது. விசிறிகளின் கீழே முனைகளை அமைத்தால், அவை தள்ளும் காற்று மருந்துத்துளிகளைப் பயிரின்மீது அழுத்திச் செலுத்தும். இலைகள் அசைந்து புரளும்போது அடிப்புறத்திலும் துளிகள் படியும். முனைகள் விசிறி வட்டத்திற்கு வெளியே நீண்டுவிட்டால், ஓரச்சுழலில் சிக்கும் துளிகள் பக்கத்து வயலுக்குச் சென்றுவிடும். ஒருவர் பயிருக்கு மருந்தாவது மற்றொருவர் கிணற்றுக்கு நஞ்சாகக்கூடும்.

அதிர்வை அடக்குதல்

சுழலும் விசிறிகளும் மின்மோட்டார்களும் ஊர்தி முழுவதையும் இடையறாது அதிரச்செய்கின்றன. ஒளிப்படக் கருவியை இறுக்கமாகத் திருகிப் பொருத்திவிட்டால் படம் கலங்கிவிடும். பொருத்தப்பட்ட கருவியின் இயல்பு அதிர்வெண்ணும் ஊர்தியின் அதிர்வெண்ணும் ஒன்றுபட்டால் ஒத்ததிர்வு ஏற்பட்டுத் திருகுகளே கழன்றுவிடும். எனவே கருவிக்கும் ஊர்திக்கும் இடையே மென்மையான ரப்பர்க் குண்டுகள் வைக்கப்படுகின்றன. முட்டைத் தட்டு செய்யும் வேலையை அவை செய்கின்றன.

அதிர்வு தணிந்தாலும் சாய்வு தொடரும். காற்றை எதிர்கொள்ள ஊர்தி ஒவ்வொரு நொடியும் சாய்ந்து நிமிர்கிறது. கருவி மட்டும் சாயாமல் நிற்க உதவுவது கிம்பல் என்னும் வளையத் தாங்கி. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களில் பொருளைத் தொங்கவிட்டால், வெளிவளையம் எப்படிச் சாய்ந்தாலும் பொருள் நேராகவே நிற்கும். ஆடும் கப்பலில் திசைகாட்டியையும் விளக்கையும் நேராக நிறுத்த மாலுமிகள் இவ்வமைப்பை நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். இன்றைய கிம்பலில், சாய்வை உணரும் கைரோஸ்கோப்பும், அச்சாய்வை உடனே ஈடுசெய்யும் சிறு மின்மோட்டார்களும் சேர்ந்திருக்கின்றன. 2020-இல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் இந்தியச் சிற்றூர்களின் வீடுகளும் மனைகளும் ஆளில்லா வானூர்திகளால் அளக்கப்பட்டன. மேலிருந்து எடுக்கும் படம் கலங்கினால் ஒருவரது மனையின் எல்லையே மாறிவிடும் அல்லவா? அப்பணியில் படம் கலங்காமல் காக்கும் பொருத்தமைப்பும் சான்றாவணத்தின் ஒரு பகுதியே.

விடுவிக்கும் கலை

சுமையைப் பற்றிக்கொள்வது ஒரு கலை. உரிய இடத்தில் உரிய நேரத்தில் அதனை விடுவிப்பது மற்றொரு கலை. பயணத்தின்போது எவ்வகை அசைவிலும் திறவாத கொக்கி, ஆணை கிடைத்த அந்த நொடியில் திறந்தாக வேண்டும். கயிற்றில் தொங்கும் சுமை ஊசல்போல் ஆடி ஊர்தியையும் ஆட்டும். அதனால் சுமையை உடலோடு அணைத்துச் சென்று, இறக்கவேண்டிய இடத்தில் மட்டும் கயிற்றை உருளையிலிருந்து மெல்ல விடுவிக்கும் அமைப்புகள் உருவாயின.

ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் 2016 முதல் ஆளில்லா விமானங்கள் மருத்துவமனைகளுக்குக் குருதிப் பைகளைக் கொண்டுசெல்கின்றன. அவை தரையிறங்குவதில்லை. காகிதப் பாராசூட்டுடன் கூடிய பெட்டியை விடுவித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. இந்தியாவில் 2021 அக்டோபரில், மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்தக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குக் கொரோனா தடுப்பூசி வான்வழியே சென்றது. சாலைவழியே 26 கிலோமீட்டரான பயணம், வானில் 15 கிலோமீட்டராகச் சுருங்கி ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிந்தது. இங்கே சுமையின் தேவை எடையோடு நிற்கவில்லை. குளிர்ச்சியும் குறையாமல் போய்ச்சேர வேண்டியிருந்தது.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாக மாணவர்களின் தக்‌ஷா குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற மருத்துவ விரைவுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவிலுள்ள இடத்திற்குத் தானே பறந்துசென்று, குருதி மாதிரியைப் பெற்றுத் திரும்புவதே அப்போட்டியின் பணி. தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகம் 2022-இல் தொடங்கப்பட்டது. 2019-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்று.

குச்சிக்கிழங்கு வயலின் மேல்

சேலம், நாமக்கல் மாவட்ட மக்கள் குச்சிக்கிழங்கு என்றழைக்கும் மரவள்ளி, இச்சமவெளியின் வாழ்வாதாரங்களுள் ஒன்று. ஜவ்வரிசி ஆலைகளின் மூலப்பொருள் அது. ஆலைகளின் விற்பனைக்கென 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தோன்றியது. இவ்வளவு பேரைத் தாங்கும் பயிருக்கு நோயும் பூச்சியும் வந்தால் துன்பம் வயலோடு நிற்பதில்லை.

தோளில் தெளிப்பானைச் சுமந்து வயலில் நடக்கும் தொழிலாளி, தாம் தெளிக்கும் நஞ்சையே மூச்சோடு வாங்குகிறார். ஆளுயரப் பயிரில் மருந்து அவர் முகத்தருகிலேயே பரவுகிறது. 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்த உழவர்களும் கூலித்தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மனிதர் தோளிலிருந்த கலத்தை ஊர்தியின் வயிற்றுக்கு மாற்றுவதன் முதன்மைப் பயன் இதுவே. விரைவும் சிக்கனமும் இதற்கு அடுத்தவை.

எனினும், எல்லாச் சிக்கலுக்கும் நஞ்சே விடையாகாது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டு, பின்னர்த் தமிழ்நாட்டு வயல்களுக்கும் பரவியது. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பூச்சி, செடியின் நுனிக்குருத்தைச் சுருளச்செய்து வளர்ச்சியைத் தடுக்கும். இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தபோது, அதன் இயற்கைப் பகையான சிறு குளவியைத் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்து பரப்பியது ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிவியலாளரின் குழு. அனகிரஸ் லோபெசி எனப்படும் அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உண்டு வளரும். பரந்த நிலப்பரப்பில் குளவியைக் கொண்டுசேர்க்க, விமானத்தில் பொருத்தித் தானாகவே விடுவிக்கும் கருவியையும் அக்குழுவினர் உருவாக்கினர். விரைந்து செல்லும் விமானத்திலிருந்து, எதிர்க்காற்றில் சிறகு முறியாமல் உயிருள்ள சுமையை வெளியேற்றுவது எத்துணை அரிய பணி! இம்முயற்சிக்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தாய்லாந்தும் 2010-இல் இக்குளவியை வான்வழியே பரப்பியது.

பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அக்குளவி வயலில் விடப்பட்டது. அங்கு விமானம் தேவைப்படவில்லை. வயலருகே சென்று விட்டால் போதும். மீதித் தொலைவைக் கடக்கக் குளவிக்குச் சொந்தச் சிறகு உண்டு. வானூர்தி எங்கே வேண்டும் என்பதைப் போலவே, எங்கே வேண்டாம் என்பதையும் தேர்ந்து அறிவதே அறிவியல்.

எதைச் சுமப்பது?

ஒரே ஊர்தி, ஒரே கொக்கி. அது தடுப்பூசியையும் தூக்கும், வெடிகுண்டையும் தூக்கும். பொறியியல் சுமையின் எடையை அறியும். அதன் நோக்கத்தை அறியாது. நோக்கத்தை முடிவுசெய்ய வேண்டியவர் மனிதரே. தெளிப்புக் கூலியை நம்பி வாழ்ந்தவருக்கு மாற்றுப்பணி என்ன, இரண்டு ஏக்கர் உழவருக்கு இக்கருவி எட்டுமா என்னும் கேள்விகளும் சுமையின் கணக்கில் சேரவேண்டியவை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு வானூர்தி வழங்கி, அவர்கள் வாடகைக்குத் தெளிப்புப் பணி செய்ய வழிவகுக்கும் திட்டத்திற்கு ஒன்றிய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்தது. இது, கருவியைப் பலருக்கும் பொதுவாக்கும் முயற்சி.

18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் உரிய பயிற்சிக்குப் பின் வானூர்தி இயக்குநர் சான்றிதழைப் பெறலாம். ஆயினும் இயக்குவது தொடக்கமே. தம் ஊர் வயலுக்கு ஏற்ற கலத்தையும் தாங்கியையும் கொக்கியையும் வடிவமைப்பது அடுத்த படி. அதற்கான பாடம் தொலைவில் இல்லை. ரிக் வண்டியைச் சமன்செய்யும் கைகளிடமும், டேங்கரின் உள்ளே தகடு பற்றவைக்கும் கைகளிடமும், முட்டை உடையாமல் அடுக்கும் கைகளிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டறிவோடு ஏட்டறிவும் சேரும்போது, சுமை சிறகுக்குப் பாரமாகாது, அதன் பொருளாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறை, முட்டைக் கிடங்கு, ரிக் வண்டிப் பட்டறை ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, அங்குச் சுமை எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதைப் படங்களுடன் தொகுக்க.

2. பாதி நீர் நிறைந்த குடுவையையும் முழுதும் நிறைந்த குடுவையையும் சாய்த்து அசைத்துப் பார்த்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடக்கருத்தோடு ஒப்பிட்டு எழுதுக.

3. 'வேளாண் தொழிலாளரும் ஆளில்லா வானூர்தியும்' என்னும் தலைப்பில் நன்மை, தீமை இரண்டையும் முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.